மூன்று பேக்கிங் போயும் நிற்காத சத்தம்

கேள்வி: அண்ணா, நான் கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம். என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. போன வருஷம் இன்ஜின் புகையை வெளியே எடுக்கும் பழைய வார்ப்பிரும்பு மேனிபோல்டைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 4-2-1 ஹெடர் (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும்) போட்டேன். செட்டிபாளையம் ரேஸ் டிராக்கிலும் வால்பாறை ஏற்றத்திலும் பிக்கப் அருமை. ஆனால் பத்து மாதத்தில், ஹெடருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் மூன்று போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று அடிக்கும், பத்து நிமிஷத்தில் குறைந்துவிடும். மூன்று தடவையும் 4ஆம் சிலிண்டர் பக்கம்தான் போயிருக்கிறது. இடையில், கீழே ஸ்பிரிங் போல்ட் வைத்த ஜாயின்ட் கடகடவென்று ஆடியதால் சைலன்சர் கடையில் அதை வெல்டு வைத்துவிட்டார்கள். மைலேஜ் இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் படபடவென்று வெடிக்கிறது. கடைசித் தடவை சிவப்பு சிலிகான் பேஸ்டும் தடவிப் போட்டார்கள். ஒருவர் நட்டை இன்னும் இறுக்கினால் போதும் என்கிறார், இன்னொருவர் செம்புத் தகட்டில் பேக்கிங் வெட்டிப் போடச் சொல்கிறார். ஏசி போட்டால் லேசாகப் புகை வாசம் வருகிறது. மனைவி தலை வலிக்கிறது என்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தையும் கூட வரும். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, காரைப் பிறகு பார்ப்போம். முதலில், இந்த லீக் நிற்கும் வரை குழந்தையையும் வீட்டுக்காரம்மாவையும் அந்தக் காரில் ஏற்றாதீர்கள். கடைசியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைப் படித்ததும்தான் பதறியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. உங்கள் மூக்குக்கு எட்டுவது புகையில் இருக்கும் மற்ற சரக்கு. அந்த வாசம் உள்ளே வருகிறதென்றால் இதுவும் கூடவே வருகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் சீக்கிரம் விடாது. பானெட்டுக்கு அடியில் கசியும் புகை, முன் கண்ணாடியின் அடியில் இருக்கும் காற்றுவழியாக ஏசி ஃபேனோடு நேரே உள்ளே வந்துவிடும். அதுவும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடுவதற்கு முன்பே கசிகிற, சுத்தமாகாத புகை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் தூக்கலாக எரியும். உங்கள் லீக்கும் அந்த நேரத்தில்தான் அகலமாகத் திறந்திருக்கிறது. காலையில் ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து ஓடவிடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

தலைவலி காரை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தெளிகிறதா என்று வீட்டில் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது ‘காருக்குள் புகை கசிகிறது’ என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் தலைவலி என்றுதான் அவர் பார்க்க முடியும். குழந்தைக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது, அதனால் அவனுக்கும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.

இனி வண்டிக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியில் இருக்கிறது: ‘ஸ்பிரிங் ஜாயின்ட்டை வெல்டு வைத்துவிட்டார்கள்.’ நான் சந்தேகப்படுவது முதலில் அதைத்தான். பேக்கிங்கை நான்காவது தடவை மாற்றுவதற்கு முன்னால் அந்த வெல்டை அறுத்தாக வேண்டும்.

சிட்டியில் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் சாயும், விட்டால் மறுபக்கம் சாயும். சைலன்சர் குழாயோ பின் பம்பர் வரை நீண்டு, அடித்தட்டில் ரப்பர் காதுகளில் தொங்குகிறது. சாய்ந்தாடும் இன்ஜினையும் தொங்கும் குழாயையும் ஒன்றோடொன்று இழுபறி இல்லாமல் சேர்த்துவைப்பது அந்த ஜாயின்ட்தான். நடுவில் இருக்கும் உருண்டை வளையம் கிண்ணத்துக்குள் கொஞ்சம் திரும்பும். ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். அது ஆட வேண்டிய ஜாயின்ட். முழங்காலைக் கட்டை வைத்துக் கட்டிவிட்டு நடந்தால் இடுப்புதானே நோகும்? இப்போது நீங்கள் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும், அந்த நீளக் குழாய் ஒரு கடப்பாரை மாதிரி ஹெடரை நெம்புகிறது. நெம்பலைத் தாங்குவது இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டில் இருக்கும் 8 மி.மீ. ஸ்டட்டுகளும் (மரை வைத்த கம்பிகள்) அந்த மெல்லிசுப் பேக்கிங்கும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை மிதித்து விடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜாயின்ட் கடகடத்தது என்றால் உள்வளையம் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் வெப்பத்தில் தளர்ந்திருக்கும். வளையம், ஸ்பிரிங், போல்ட் மூன்றையும் புதிதாகப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். இப்போது அறுத்தபின் பழைய கிண்ணங்கள் உதவாது போனால், அந்த இடத்தில் பின்னல் கம்பி போர்த்திய நெளிவுக் குழாய் ஒன்று வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். நம்மூர் ஆட்கள் ஃபிளெக்ஸ் பைப் என்பார்கள். அதுவும் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும்.

அதோடு இன்ஜின் மவுண்டிங்கையும் பாருங்கள். இருபது வருஷத்துக்கு மேலான வண்டி, ரப்பர் கிழிந்திருந்தால் ஆச்சரியமில்லை. பானெட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை மெல்ல விட்டுப் பார்க்கட்டும். நீங்கள் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இன்ஜின் தூக்கிப் போட்டதுபோல் எழும்பினால் மவுண்டிங் போய்விட்டது. ஜாயின்ட் கடகடக்க ஆரம்பித்ததே அதனால்தானோ என்னவோ.

இன்னொன்று, பழைய வார்ப்பிரும்பு மேனிபோல்டுக்கு அடியில் இன்ஜின் பிளாக்கோடு பிடிக்கும் ஒரு பிராக்கெட் இருந்திருக்கும். வெளியில் வாங்கிப் போடும் ஹெடர்கள் பலவற்றில் அதற்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். கழற்றிய பிராக்கெட் மூலையில் கிடக்கும். கொழிஞ்சாம்பாறையில் பட்டறை போட்ட புதிதில் ஒரு வண்டிக்கு நான் இரண்டு தடவை பேக்கிங் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை வந்து நின்றபோதுதான் அடியில் படுத்துப் பார்த்தேன். பிராக்கெட் இல்லை, ஹெடரின் முழு எடையும் ஸ்டட்டில் தொங்குகிறது. இரண்டு தடவை வாங்கிய கூலியையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பேக்கிங் என்று யார் வந்தாலும் மேலே பார்ப்பதற்கு முன் அடியில் படுத்துவிடுவேன். உங்கள் ஹெடரில் பிராக்கெட் இல்லையென்றால், குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு தாங்கி செய்துவிடலாம். பாடியோடு சேர்த்துக் கட்டக் கூடாது; இன்ஜினோடு ஆடுகிற பொருளை இன்ஜினோடுதான் கட்ட வேண்டும்.

மூன்று தடவையும் 4ஆம் சிலிண்டர் பக்கமே போகிறது என்பது இன்னொரு சாட்சி. ஹெடரை ஹெட்டோடு பிடிக்கும் தட்டுக்குப் பிளாஞ்ச் என்று பெயர்; நான்கு சிலிண்டர் பிளாஞ்சில் ஓரங்கள்தான் முதலில் தூக்கும். காரணம் வெப்பத்தின் விரிவு. ஒரு கணக்குச் சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, சுமார் 17 மைக்ரான் நீளும். அலுமினியம் சுமார் 23 மைக்ரான். அலுமினியம்தான் அதிகம் நீள்கிறதே என்று தோன்றும். ஆனால் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுகிறது, அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பிளாஞ்ச் 300 டிகிரிக்குப் போய்விடும். உள்ளே ஓடும் புகை, முழு ஆக்சிலேட்டரில் 800 டிகிரியைத் தாண்டும். 35 செ.மீ. நீளப் பிளாஞ்ச் என்று வைத்துக்கொண்டால், ஹெட்டைவிட அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அதிகமாக நீள்கிறது. ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் பேக்கிங்கின் முகத்தில் அது உரசிக்கொண்டு போய் வருகிறது. நடுவில் உரசல் குறைவு, ஓரத்தில் அதிகம். அதனால்தான் ஓரத்து ஸ்டட் துளைகளைக் கொஞ்சம் நீளவாட்டில் பெரிதாக விட வேண்டும். துளை ஸ்டட்டை இறுக்கிப் பிடித்திருந்தால் பிளாஞ்சுக்கு நகர வழியில்லை, வில்லாக வளைந்துவிடும். நீங்கள் வாங்கிய ஹெடரின் பிளாஞ்ச் எத்தனை தடிப்பு என்று அளந்து பாருங்கள். 6 மி.மீ. என்றால் வளைய வாய்ப்பு அதிகம். 10 மி.மீ. நன்றாகத் தாக்குப்பிடிக்கும். குழாய்களைப் பற்றவைக்கும்போது கனமான தட்டில் போல்ட் போட்டு இறுக்கிவைக்காமல் செய்திருந்தால், பெட்டியைப் பிரிக்கும்போதே அது வளைந்துதான் வந்திருக்கும்.

இதைச் சோதிப்பது சுலபம். ஹெடரைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, நேரான எஃகு ஸ்கேலைப் பிளாஞ்ச் முகத்தில் நிறுத்திவைத்து, அடியில் ஃபில்லர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் முகம் எடுத்தாக வேண்டும். உப்புத்தாளிலும் அரத்திலும் தேய்த்து நேராக்குகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கைவேலையில் ஓரம் இன்னும் வழிந்துவிடும். உங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது. கணபதி, பீளமேடு பக்கம் சர்ஃபேஸ் கிரைண்டிங், மில்லிங் செய்யும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. நான்கு துளையின் முகமும் ஒரே தளத்தில் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். துளைக்குள் வெல்டு பிதுங்கியிருந்தால் அதையும் தட்டையாக்கிவிடச் சொல்லுங்கள். அதே ஸ்கேலை ஹெட்டின் முகத்திலும் வைத்துப் பாருங்கள். அங்கே புகை அறுத்த பள்ளம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அது வேறு வேலை.

கழற்றிய மூன்று பேக்கிங்கில் ஒன்றாவது கைவசம் இருக்கிறதா? இருந்தால் எறியாதீர்கள். கறுத்து எரிந்த கோடு ஒரே இடத்தில் துளையிலிருந்து ஓரத்துக்கு ஓடியிருந்தால் அங்கே அழுத்தம் இல்லை, பிளாஞ்ச் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் பரவலாகக் கரி படிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் பூப்போல் இருந்தால் குழாய் நெம்புகிறது. மெக்கானிக் சொல்வதைவிட அந்தத் தகடு சொல்வதை நான் நம்புவேன்.

காலையில் மட்டும் சத்தம் வந்து பிறகு அடங்குவதால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கை மூடுகிறது, அவ்வளவுதான். முழு ஆக்சிலேட்டரில் மறுபடி திறக்கும். டாப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தமோ என்ற சந்தேகம் வேண்டாம் என்றால், ஏற்றத்தில் மிதித்துப் பாருங்கள்: பளு கூடும்போது சத்தமும் கூடினால் லீக். இடத்தைக் கண்டுபிடிக்க நான் செய்வது இது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்து நிற்கும்போது, வாக்குவம் கிளீனரின் காற்று வெளியே தள்ளும் வாயைச் சைலன்சர் வாலில் துணி சுற்றிச் செருகி ஓடவிட்டு, பிளாஞ்சைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளிப்பேன். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். பிளாஞ்ச் மட்டும் என்று முடிவு கட்டாமல் ஹெடரின் வெல்டுகளையும் நனைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, நுரைக்குத் தெரியும்.

மைலேஜ் இறங்கியதும் படபட வெடிப்பும் இதே லீக்கின் பிள்ளைகள். புகை குழாயில் ஒரே சீராக ஓடுவதில்லை. துடித்துத் துடித்துப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அப்போது அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். கீழே இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து ‘பெட்ரோல் போதவில்லை’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும்; அது பெட்ரோலைக் கூட்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கறுத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டபோது எரியாமல் வரும் பெட்ரோலோடு அந்தக் காற்று சேர்ந்தால் குழாய்க்குள் வெடிக்கும். டிராக்கில் கேட்க நன்றாக இருக்கலாம்; உங்கள் கன்வெர்ட்டரை அது தின்றுகொண்டிருக்கிறது.

அந்தச் சிவப்புச் சிலிகான் எனக்குக் கோபம் வரவைத்தது. அந்தப் பசை தாங்குவது 300 டிகிரியைச் சுற்றித்தான், சில மணி நேரத்துக்கு இன்னும் கொஞ்சம். புகை படும் விளிம்பில் அது எரிந்து போகும். போகிற போக்கில் அதன் ஆவி ஆக்சிஜன் சென்சார் முனையில் வெள்ளையாக மணல்போல் படிந்து அதைக் குருடாக்கிவிடும். சென்சார் தாங்கும் வகைப் பசை என்று தனியாக விற்கிறார்கள் என்றாலும் இந்த இடத்தில் எந்தப் பசையும் வேண்டாம். லீக்கை நிறுத்தி இரண்டு வாரம் ஓட்டிய பிறகும் மைலேஜ் திரும்பவில்லை என்றால் சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். அதற்கு முன் புது சென்சார் வாங்கிப் பணத்தைப் போடாதீர்கள்.

நட்டை இன்னும் இறுக்கச் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வளைந்த பிளாஞ்சை நட்டு நிமிர்த்தாது. அலுமினிய ஹெட்டில் இருக்கும் 8 மி.மீ. ஸ்டட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஸ்டட் ரப்பர்போல் நீண்டு பிடிப்பை இழக்கும், இல்லையென்றால் ஹெட்டில் மரை உருவிக்கொண்டு வரும். மூன்று தடவை இறுக்கிக் கழற்றியாகிவிட்டது, ஸ்டட்டுகளை முழுசாகப் புதிதாகப் போடுங்கள். நட்டில் நைலான் வளையம் வைத்தது கூடாது, உருகிவிடும். வாய் நசுக்கிய முழு உலோகப் பூட்டு நட்டு, செம்பு முலாம் பூசியது கிடைத்தால் நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அடுத்த தடவை உடைந்துதான் வரும்.

செம்பு பேக்கிங் பற்றிக் கேட்டீர்கள். அடிக்கடி இன்ஜினைப் பிரிக்கிற ரேஸ் வண்டிக்காரர்களுக்கு அது தோதானது. பழுக்கக் காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி மிருதுவாகிவிடும். தினம் ஓடும் உங்கள் வண்டிக்கு நான் போட மாட்டேன், நட்டைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும். இரண்டு முகமும் கிரைண்டிங் செய்து நேராகிவிட்டால் பல அடுக்கு எஃகு பேக்கிங் போடுங்கள், அதுதான் உரசலைத் தாங்கும். ஹெட்டின் முகம் அவ்வளவு வழவழப்பாக இல்லையென்றால் நடுவில் எஃகுத் தகடு வைத்த கிராஃபைட் வகை. மேடுபள்ளத்தை அது கொஞ்சம் மன்னிக்கும்.

இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில். அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். மரையில் கிரீஸோ செம்புப் பசையோ தடவினால் அதே அளவில் ஸ்டட் அதிகமாக இழுபடும், அதைக் கணக்கில் வைத்துக் குறைக்க வேண்டும். கீழ்க் குழாய் போல்டுகளை முதலில் கைப்பிடியாக மட்டும் விட்டுவிட்டு, ஹெட்டில் முழுசாக இறுக்கிய பிறகே கீழே இறுக்குங்கள். குழாய் எங்கும் இழுபடாமல் தானாக உட்கார வேண்டும். முதல் நாலைந்து தடவை சூடாகி ஆறிய பிறகு, காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒரு தடவை சரிபாருங்கள். சூட்டோடு இறுக்காதீர்கள்.

பழைய வார்ப்பிரும்பு மேனிபோல்டை எடைக்குப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் ஹெடர் கிரைண்டிங்குக்குப் போயிருக்கும் நாட்களில் அதை மாட்டி வண்டியை ஓட்டலாம். எப்போதைக்கும் பத்திரமாகவும் வைத்திருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பது பற்றிச் சொல்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த வடிவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. நீங்களோ இரண்டு மாநில எல்லையில் இருக்கிறவர்.

எல்லாம் முடிந்ததும் ஜன்னல்களை ஏற்றி, ஏசி போட்டு, நீங்கள் மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அளவை எண்ணில் காட்டும் மீட்டர் கையடக்கமாக விற்கிறது, ஒன்று வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டிலும், ஏற்றத்திலும், சிக்னலில் நிற்கும்போதும் அது பூஜ்யம் காட்டினால் அதற்கப்புறம் குழந்தையை ஏற்றுங்கள். ஜூன் மழை தொடங்குவதற்குள் முடித்துவிடப் பாருங்கள். ஹெடரைச் சுற்றி வெப்பம் தடுக்கும் துணி சுற்றியிருந்தால் இப்போதே அவிழ்த்துவிடுங்கள், நனைந்த துணிக்கு அடியில் விரிசல் விட்டால் அது கண்ணில் படாது. என் பட்டறைக்கு வருவதானால் அந்தப் பழைய பேக்கிங்கையும் கொண்டுவாருங்கள். காலையில், இன்ஜின் சூடாகாமல் வந்தால் நல்லது. அங்கிருந்து இங்கே ஓட்டி வந்தால் சூடாகித்தான் இருக்கும், அதனால் இரவே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போய்விடுங்கள்.